வீடு கொடுத்தவர்கள்

1

விசுவாசம் இரண்டாகப் பிளந்துபோன மனிதனைப் பற்றிப் படமெடுப்பது சுலபம் என்று திரைக்கதை எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள். காக்கிச் சட்டை ஒருபக்கம், இனப்பற்று மறுபக்கம், நடுவில் ஒருவன், கடைசியில் துப்பாக்கி. இந்தச் சூத்திரத்தில் வந்த இரண்டு படங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, அலன் ஜே. பகுலா இயக்கி 1997 மார்ச்சில் வெளிவந்த 'தி டெவில்ஸ் ஓன்' என்ற ஹாலிவுட் படம். மற்றொன்று, ஷூஜித் சர்க்கார் இயக்கி 2013 ஆகஸ்டில் வெளிவந்த 'மெட்ராஸ் கஃபே' என்ற இந்திப் படம். முன்னதன் களம் ஐரிஷ் குடியரசுப் படை. பின்னதன் களம் ஈழப்போரும் ராஜீவ் காந்தி கொலையும். இரண்டுமே ஏமாற்றம் தந்த படங்கள். ஏமாற்றத்திற்கு நடிப்பையோ கேமராவையோ குறைசொல்லிப் பயனில்லை. 'தி டெவில்ஸ் ஓன்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் கார்டன் வில்லிஸ். இயக்கிய பகுலாவோ 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்' எடுத்தவர். ஆள் பஞ்சம் இல்லை. பஞ்சம் வேறு இடத்தில் இருக்கிறது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹாலிவுட் படத்தில் வீடு இருக்கிறது, வரலாறு இல்லை. இந்திப் படத்தில் வரலாறு இருக்கிறது, வீடு இல்லை. வீடும் வரலாறும் சேர்ந்து இருக்கிற இடத்தில்தான் விசுவாசம் பிளக்கிறது. அந்த இடம் கொங்குநாட்டுக்காரனான எனக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2

முதலில் ஹாலிவுட் படம். 1972இல் வட அயர்லாந்தில் ஒரு குடும்பம் சாப்பிட உட்கார்ந்திருக்கிறது. முகமூடி போட்டவன் உள்ளே வந்து, மகனின் கண்ணெதிரே தகப்பனைச் சுட்டுவிட்டுப் போகிறான். அந்தச் சிறுவன் வளர்ந்து ஃபிராங்கி மக்வயர் (பிராட் பிட்) என்ற ஐ.ஆர்.ஏ. போராளி ஆகிறான். ஏவுகணை வாங்குவதற்காகப் பொய்ப்பெயரில் நியூயார்க் வருகிறான். அவனைத் தன் வீட்டில் தங்கவைப்பவர் டாம் ஓமீரா (ஹாரிசன் ஃபோர்டு) என்ற போலீஸ் சார்ஜென்ட். இவரும் ஐரிஷ் வம்சாவளி. ஒரு நீதிபதி சொல்லி அனுப்புகிறார். பையன் நல்லவன், வேலை தேடி வந்திருக்கிறான் என்று நம்பி இவர் கீழ்த்தள அறையைக் கொடுக்கிறார். மனைவி, மூன்று மகள்கள், சாப்பாட்டு மேசை. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் ஃபிராங்கி மகனைப்போல ஆகிவிடுகிறான். அப்புறம் முகமூடி ஆட்கள் வீட்டுக்குள் புகுகிறார்கள், ஒளித்துவைத்த பணம் அகப்படுகிறது, விஷயம் வெளிவருகிறது. மிச்சமெல்லாம் துரத்தல்தான். கடைசியில் ஒரு படகில் இருவரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிறார்கள். இளையவன் சாகிறான்.

படப்பிடிப்பு தொடங்கிய பிறகும் திரைக்கதை மாறிக்கொண்டே இருந்தது என்பதும், படம் வெளிவருமுன்பே பிராட் பிட் நியூஸ்வீக் பத்திரிகையில் அதைக் கடுமையாகச் சாடினார் என்பதும் ஊரறிந்த கதை. ஆனால் திரைக்கதை ஒழுங்காக முடிந்திருந்தாலும் இந்தப் படம் தேறியிருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம், டாம் ஓமீராவுக்கு எதுவும் தெரியாது. தெரியாதவனிடம் விசுவாசப் பிளவு எப்படி வரும்? தெரிந்த மறுகணம் அவர் போலீஸ்காரர் ஆகிவிடுகிறார். பிளவுக்கு நேரமே இல்லை. படம் முழுக்க அவருடைய மனச்சாட்சியைக் காட்ட இயக்குநர் வேறொரு கிளைக்கதையைத் தேடுகிறார். கூட்டாளிக் காவலர் ஒருவர் ஓடுகிற திருடனை முதுகில் சுட்டுவிடுகிறார், அதற்காக டாம் பொய் சொல்லிவிட்டுக் குமைகிறார். அது நல்ல கதைதான். ஆனால் அதற்கும் பெல்ஃபாஸ்டுக்கும் சம்பந்தமில்லை.

இதைவிட முக்கியமாக, நியூயார்க் ஐரிஷ்காரர்கள் உண்மையில் ஒன்றும் தெரியாதவர்களாக இருக்கவில்லை. மைக்கேல் ஃபிளானரி என்ற முதியவர் 1970இல் நோரெய்ட் என்ற நிதி திரட்டும் அமைப்பைத் தொடங்கினார். ஐ.ஆர்.ஏ.வுக்கு ஆயுதம் அனுப்பியதாக அவர்மீதும் வேறு நால்வர்மீதும் புரூக்ளினில் வழக்கு நடந்தது. அமெரிக்க உளவு நிறுவனத்தின் சம்மதத்தோடுதான் இது நடக்கிறது என்று நாங்கள் நம்பினோம் என்று எதிர்த்தரப்பு வாதாட, 1982 நவம்பரில் ஜூரி ஐவரையும் விடுதலை செய்தது. மறுவருஷம் செயின்ட் பேட்ரிக் திருநாள் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கி நடந்தவர் இதே ஃபிளானரி.

இன்னொருவர் ஜோ டோஹர்ட்டி. பெல்ஃபாஸ்ட் சிறையிலிருந்து 1981இல் தப்பியவர். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஒருவரைக் கொன்ற வழக்கில் அவர் இல்லாமலே தண்டனை வழங்கப்பட்டது. மன்ஹாட்டனில் ஒரு மதுக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது 1983இல் பிடிபட்டார். 1984 டிசம்பரில் நியூயார்க் நீதிபதி ஒருவர், இது அரசியல் குற்றம், ஆகவே பிரிட்டனிடம் ஒப்படைக்க முடியாது என்று தீர்ப்பளித்தார். அதன்பிறகு இரு நாடுகளும் ஒப்பந்தத்தைத் திருத்தின. அரசியல் குற்றம் என்ற விலக்கு சுருங்கியது. டோஹர்ட்டி சிறையிலேயே இருந்தார். சிறைக்கு வெளியே இருந்த தெருமுனைக்கு நியூயார்க் நகரம் அவர் பெயரை வைத்தது. 1992இல் அவரை நாடு கடத்தினார்கள்.

கவனியுங்கள். செயல் ஒன்றுதான், ஆளும் ஒருவர்தான். 1984இல் அரசியல் குற்றவாளி, 1992இல் வெறும் குற்றவாளி. நடுவில் மாறியது காகிதம். தெருமுனைக்குப் பெயர் வைத்தவர்களின் மனம் அந்தக் காகிதத்தோடு சேர்ந்து மாறியதா? மாறவில்லை என்றால் அவர்கள் யாருக்கு விசுவாசமானவர்கள்? இதுதான் படமாகியிருக்க வேண்டிய கேள்வி. ஹாலிவுட் இந்தக் கேள்வியை ஒன்றும் அறியாத ஒரு நல்ல போலீஸ்காரரின் தலையில் போட்டு மூடிவிட்டது.

3

'மெட்ராஸ் கஃபே' நேர் எதிர். இதில் வரலாறு தேதிவாரியாக வருகிறது. அமைதிப்படை, யாழ்ப்பாணம், தேர்தல், ஆயுதப் பேரம், கடைசியில் முன்னாள் பிரதமரின் கொலை. விடுதலைப் புலிகள் இங்கே எல்.டி.எஃப். என்று பெயர் மாறியிருக்கிறார்கள். தலைவர் பெயர் அண்ணா பாஸ்கரன். ஜான் ஆபிரகாம் ரா அதிகாரி. விசுவாசப் பிளவு வருவது அவருடைய மேலதிகாரி பாலா என்பவரிடம். ஆள் வலையில் சிக்கி ரகசியங்களைக் கசியவிடுகிறவர். நிஜத்தில் 1987இல் ரா அமைப்பின் சென்னை அதிகாரி ஒருவர் இப்படி ஒரு குற்றச்சாட்டில் கைதானதை இது நினைவூட்டும். ஆக, துரோகம் என்பது ஓர் உத்தியோகஸ்தனின் பலவீனம். அவ்வளவுதான் இந்தப் படத்தின் புரிதல்.

தமிழ் அமைப்புகளின் எதிர்ப்பால் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் இந்தப் படம் ஓடவில்லை. நான் அப்போது எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். யாரோ பென்டிரைவில் கொண்டுவந்ததை விடுதி அறையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பார்த்தோம். புலிகளைக் கொச்சைப்படுத்துகிறது என்று ஒருவன் கொதித்தான். நடந்ததைத்தானேடா காட்டுறான் என்று இன்னொருவன் மறுத்தான். பெருந்துறைப் பக்கத்து நண்பன் ஒருவன் சொன்னதுதான் எனக்கு நிற்கிறது. "எல்லாஞ் சரி, நம்மூருக்காரன் ஒருத்தன்கூட இந்தப் படத்துல இல்லையேடா."

உண்மை. ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 இரவு நடந்ததைச் சொல்கிற படத்தில் தமிழ்நாட்டு மக்கள் கூட்டமாக மட்டுமே வருகிறார்கள். மாலைபோட நிற்கிற கூட்டம், குண்டு வெடித்ததும் சிதறுகிற கூட்டம். கதவைத் திறந்து தண்ணீர் கொடுத்த ஒருவர் இல்லை. வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுத்த ஒருவர் இல்லை. தடை கேட்டவர்களும் இந்த இல்லாமையைப் பற்றிப் பேசவில்லை. ஒரு தலைவரின் பிம்பம் பற்றியே இருதரப்புச் சொல்லாடலும் சுழன்றது.

4

வீடு கொடுத்தவர்கள் இருந்தார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் ஈழப் போராளிகளுக்கு வீடு கொடுப்பது புண்ணியம் என்றே கருதப்பட்டது. இந்திய அரசே பல இயக்கங்களுக்கு ஆயுதப் பயிற்சி அளித்தது. முதல்வர் எம்.ஜி.ஆர். புலிகளுக்கு நிதி அளித்தார். மேட்டூர் அணைக்கு அப்பால் கொளத்தூர்ப் பக்கம், காட்டை ஒட்டிய நிலத்தில், புலிகளின் பயிற்சி முகாம் ஒன்று எண்பதுகளின் நடுவில் இருந்தது. பெரியார் இயக்கத்தைச் சேர்ந்த உள்ளூர்க்காரர்கள் உதவினார்கள். அந்த இடத்துக்குப் புலியூர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. நியூயார்க் தெருமுனையை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள்.

சில வருஷங்களுக்கு முன் அந்தப் பக்கம் போனபோது ஒரு பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தேன். "பசங்க வருவாங்க சாமி. கூழு குடிப்பாங்க. குடிச்ச சொம்பக் கழுவி வெச்சுட்டுப் போவாங்க" என்றார். பயமாக இல்லையா என்று கேட்டேன். "என்ன பயம், ஒரம்பரை மாதிரித்தான்" என்றார். தொண்ணூற்றொன்றுக்கு அப்புறம் என்று ஆரம்பித்தேன். "அந்தப் பேச்சு வேண்டாங் கண்ணு" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஒரம்பரை என்ற கொங்குச் சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சொந்தக்காரனும் ஒரம்பரைதான், விருந்தாளியும் ஒரம்பரைதான். வீட்டுக்கு ஒரம்பரை வந்திருக்கிறது என்றால் யாரோ ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார், அடுப்பில் உலை வைத்தாக வேண்டும் என்று அர்த்தம். உறவு முதலில் இருந்து விருந்து பிறகு வருகிறதா, விருந்து படைத்ததால் உறவாகிறதா என்று இந்தச் சொல் பிரித்துச் சொல்லாது. தெரிதா 1996இல் பாரிசில் விருந்தோம்பல் பற்றி நடத்திய வகுப்புகளில், விருந்தளிப்பவரையும் விருந்தினரையும் பிரெஞ்சு மொழி ஒரே சொல்லால் குறிப்பதை வைத்து நிறைய யோசித்தார். நிபந்தனை போடாத வரவேற்பு ஒன்று, யார், எந்த ஊர் என்று கேட்டு அனுமதிக்கிற சட்டத்தின் வரவேற்பு மற்றொன்று. இரண்டும் ஒன்றையொன்று விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும் என்பது அவர் பேச்சின் சாரம். கொளத்தூர்ப் பாட்டிக்கு தெரிதா தேவையில்லை. அவருக்கு அது கூழும் சொம்பும்.

சட்டம் இதை எப்படிப் படிக்கிறது? 1987ஆம் வருஷத்துத் தடா சட்டத்தின் மூன்றாம் பிரிவில், பயங்கரவாதிக்குப் புகலிடம் கொடுத்தவருக்குக் குறைந்தது ஐந்து வருஷம், அதிகபட்சம் ஆயுள் என்று இருந்தது. 1992 மே 14 அன்று விடுதலைப் புலிகள் இயக்கத்தை இந்திய அரசு தடை செய்தது. இன்று நடைமுறையில் உள்ள சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவும் புகலிடத்தைத் தண்டிக்கிறது. ஆனால் ஒரு விலக்கு தருகிறது. புகலிடம் கொடுத்தவர் கணவன் அல்லது மனைவி என்றால் குற்றமில்லை. தாய்க்கு இந்த விலக்கு இல்லை. தகப்பனுக்கு, உடன்பிறந்தாளுக்கு இல்லை. ஒரம்பரை என்ற சொல் கலந்து வைத்திருப்பதைச் சட்டம் இப்படிக் கத்தரித்து எடுக்கிறது.

ராஜீவ் கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்கு மரண தண்டனையை உறுதிசெய்தது. மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. மீதி 19 பேரை விடுவித்தது. தடாச் சட்டப்படியான பயங்கரவாதக் குற்றம் இந்த வழக்கில் நிரூபணமாகவில்லை என்றும் அது சொன்னது. விடுவிக்கப்பட்டவர்களில் இடம் கொடுத்தவர்கள், சின்னச் சின்ன உதவி செய்தவர்கள் பலர். தூக்குக்கயிறுக்கும் வீட்டுக்கும் நடுவே பதினைந்து மாதம் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பதினைந்து மாதத்தைப் பற்றி ஒரு படம் இல்லை.

5

இங்கே ஒரு விஷயத்தை மழுப்பாமல் சொல்ல வேண்டும். அடைக்கலம் கொடுத்தவனின் அறத்தைப் பேசுகிற நாம், அடைக்கலம் கேட்டவனின் அறத்தைப் பேசத் தயங்குகிறோம். கொலை செய்ய வந்தவர்கள் தங்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்த எல்லோரிடமும், நாங்கள் இதற்காகத்தான் வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டா தங்கினார்கள்? எண்பதுகளில் ஊர் கொடுத்த நம்பிக்கையை 1991இல் செலவழித்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு செத்தவர்களில் கட்சித் தொண்டர்களும், காவல் பணியில் நின்ற போலீஸ்காரர்களும் உண்டு, அவர்களும் தமிழர்கள். முதலில் காட்டிக்கொடுத்தது விருந்தாளிதான். 'தி டெவில்ஸ் ஓன்' படத்தில் ஒரே ஒரு இடம் உண்மையாக இருக்கிறது என்றால், தன் பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குள் துப்பாக்கி வந்துவிட்டது என்று டாம் கொள்கிற கோபம். அது போலீஸ்காரரின் கோபமாக எனக்குப் படவில்லை, வீட்டுக்காரரின் கோபம்.

அடைக்கலத்தைப் பற்றி யோசிக்கிற எவரும் சிலப்பதிகாரத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்ற இடைக்குல மூதாட்டியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி தனி வீடு கொடுக்கிறாள், பாத்திரபண்டம் கொடுக்கிறாள், மகள் ஐயையைத் துணைக்கு விடுகிறாள். மறுநாளே அந்த விருந்தாளிக்கு அரசன் கள்வன் என்று பெயர் வைத்துவிடுகிறான். கோவலன் கொலையுண்ட பிறகு மாதரி தீப்பாய்ந்தாள் என்று வஞ்சிக் காண்டத்தில் மாடலன் வழியாகத் தெரிகிறது. கவுந்தி உண்ணா நோன்பிருந்து உயிர்விட்டார். கண்ணகியின் கோபத்தை நாம் ஆயிரம் மேடையில் பேசிவிட்டோம். வீடு கொடுத்தவளின் தீயைப் பற்றிப் பேச்சே இல்லை. கோவலன் குற்றமற்றவன், 1991இன் விருந்தாளிகள் அப்படியல்ல. ஆனால் மாதரியின் நிலை இரண்டு கதையிலும் ஒன்றுதான்: அவள் கொடுத்த வீட்டுக்கு அவளே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழில் இந்த வீட்டுக்குப் பக்கத்தில் வந்த ஒரே படம் சந்தோஷ் சிவனின் 'தி டெரரிஸ்ட்' (1998). தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பப்பட்ட மல்லி ஒரு கிராமத்துப் பெரியவரின் வீட்டில் தங்குகிறாள். அவர் வாய் ஓயாமல் பேசுகிறார், சாப்பிடச் சொல்கிறார். அவருடைய மனைவி வருஷக்கணக்காக நினைவின்றிக் கண்திறந்து படுத்திருக்கிறார். எந்த இயக்கம், எந்தத் தலைவர் என்று படம் பெயர் சொல்வதில்லை; ஆக இதிலும் வரலாறு பாதிதான். ஆனாலும் அந்தச் சோற்றுத் தட்டின் முன்னால் மல்லி உட்காரும்போது நமக்கு வயிற்றைப் பிசைகிறது. எல்லாத் துரத்தல் காட்சிகளையும்விட அந்தத் தட்டு கனமானது. இதற்கு மாறாக, 'துரோக்கால்' இந்திப் படத்தைத் தழுவிய 'குருதிப்புனல்' (1995) போலீஸ் அதிகாரியின் வீட்டையே களமாக்கியும், எதிராளிக்கு என்ன கோரிக்கை என்று சொல்லாமலே முடிந்துவிடுகிறது.

6

இது பழைய கதையல்லவா, இப்போது என்ன என்று கேட்கலாம். கோவையில் இருந்துகொண்டு அப்படிக் கேட்க முடியாது. 1997 நவம்பர் இறுதியில் இங்கே போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள். 1998 பிப்ரவரி 14 அன்று வெடித்த தொடர் குண்டுகளில் 58 பேர் மாண்டார்கள். அதன்பிறகு இந்த நகரத்தில் விசுவாசம் என்ற கேள்வி வீட்டு வாசலில் கேட்கப்படுகிறது. இரண்டு வருஷம் முன்பு என் முஸ்லிம் நண்பர் ஒருவரோடு வாடகை வீடு தேடி அலைந்தேன். வீடு பிடித்திருந்தது, அட்வான்ஸ் பேசியாயிற்று. கடைசியில் பெயரைக் கேட்ட வீட்டுக்காரர், "தப்பா நெனச்சுக்காதீங்க, ஊட்ல ஒத்துக்க மாட்டாங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மோர்கூடக் கொடுத்தார்.

டாம் ஓமீராவிடம் படம் முழுக்க ஒருவரும், நீ ஐரிஷ்காரனா அமெரிக்கனா என்று கேட்பதில்லை. அது அவருக்குக் கிடைத்த சலுகை. ஒன்றுமே செய்யாத என் நண்பர் அந்தக் கேள்விக்குப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். விசுவாசம் பிளந்திருக்கிறது என்று சந்தேகிக்கப்படுகிறவர் ஒருவர். உண்மையில் இரண்டாகப் பிளந்து நின்றவரோ, மோரும் கொடுத்து வீடும் மறுத்த அந்த வீட்டுக்காரர்.

த்ரில்லர் என்ற வடிவத்துக்கு ரகசியம் வேண்டும். யாருக்கோ ஏதோ தெரியாமல் இருந்தால்தான் அது ஓடும். தெரிந்தே கதவைத் திறந்தவர்கள், தெரிந்தே மூடியவர்கள் பற்றி அதனால் பேச முடியாது. பகுலாவும் சர்க்காரும் திறமை போதாமல் தோற்கவில்லை. இந்த வடிவத்தை நம்பித் தோற்றார்கள். நமக்கு வேண்டிய படத்தில் வெடிகுண்டு வெடிக்காமலேகூட இருக்கலாம். 1985இல் கூழ் ஊற்றிய ஒரு கை, 1992இல் அதே சொம்பை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியாமல் நின்றதை மட்டும் அது காட்டினால் போதும்.